எதிரணி இல்லாத பட்டிமன்றம்

மார்ச் 4

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. இங்கே குடிதண்ணீர் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தடவைதான் வரும். அதுவும் ஊர் அடங்கிய பிறகு, எந்த நேரம் என்று சொல்லாமல் வரும். இன்று எதிர்வீட்டுக் கோமதி கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், ராத்திரி பூரா உங்க வீட்டுல லைட்டு எரியுது. முழிச்சுத்தான இருக்கீய? தண்ணி வந்தா ஒரு சத்தம் குடுங்க. நாங்க கொஞ்சம் கண்ணசந்துக்கிடுவோம்லா."

சரி என்றேன். ஒருத்திக்குத் தூக்கம் வராததால் ஒரு தெருவே நிம்மதியாகத் தூங்குமென்றால் அதைக் கெடுப்பானேன்?

இந்த டைரி, நோட்ஸ் போடுகிற கம்பெனி ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓசியில் கொடுத்தது. பக்கத்துக்கு ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். அதன்மேல் படாமல் எழுதுவதாக இருக்கிறேன்.

மார்ச் 6

நேற்று சாத்தூர் பக்கம் ஓர் அம்மன் கோயில் பொங்கல். எங்கள் குழுவின் பட்டிமன்றம். தலைப்பு, குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவரா மனைவியா. நடுவர் திருவேங்கடம் ஐயா, ரிட்டயரான பேராசிரியர். மனைவி அணிக்கு நான். கணவர் அணிக்கு அருமைநாயகம் அண்ணாச்சி. அவர் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர். பன்னிரண்டு வருஷமாக மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுகிறோம், இறங்கியதும் ஒரே வேனில் ஏறி ஒரே பொட்டலத்து இட்லியைப் பிட்டுத் தின்கிறோம். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏமாற்று வேலை என்று நினைப்பார்கள்.

அண்ணாச்சி வழக்கம்போல ஆரம்பித்தார். "என் வீட்டுக்காரி ஜெயசீலி பேச ஆரம்பிச்சா, ஊருக்கே நான் கரண்ட நிறுத்தினாலும் அவள நிறுத்த முடியாது." ஆண்கள் பக்கம் விசில்.

நான் எழுந்தேன். "எங்க வீட்டுக்காரருக்கு ரயில்வே கேட்டுல வேலை. அவரு விடுத குறட்டையில, ரயிலுதான் வருதுன்னு நெனச்சு அவரே எந்திரிச்சுப் போயி கேட்டப் பூட்டிட்டு வருவாரு." பெண்கள் பக்கம் தரையில் விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் போய், வருகிற ஆனியில் ஒரு வருஷம். நைட் டியூட்டி முடித்து வந்து, காபி குடித்து, நெஞ்சு எரிகிறது என்று படுத்தவர். மேடையில் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறார். விழாக் கமிட்டிக்காரர்கள் போனிலேயே "அந்தக் குறட்டையச் சொல்லிருங்கம்மா" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இறந்தவர் என்று தெரிந்தால் அவர்களால் சிரிக்க முடியாது. என்னாலும் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. குறட்டை விடுவது நான்தான் என்று அவர் கடைசிவரை சாதித்தார். சாட்சி இல்லாத குற்றச்சாட்டு என்று நானும் கடைசிவரை தள்ளுபடி செய்தேன்.

மார்ச் 7

தண்ணீர் வந்தது. தெருவை எழுப்பினேன். கோமதி எனக்கும் இரண்டு குடம் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தாள். நல்ல பிள்ளை.

மார்ச் 10

மூன்று நாளாக எழுதுவதா வேண்டாமா என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

விளக்கை அணைத்ததும் ஒரு நினைப்பு வருகிறது. அதனால்தான் விளக்கை அணைப்பதில்லை. எனக்குச் சாக ஆசை கிடையாது. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது, மாவு அரைத்து வைத்திருக்கிறேன், பெங்களூரில் இருக்கும் மகள் அகிலா லீவுக்கு வருவாள். இத்தனையும் இருக்கும்போதே, யாரோ பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி, 'நீயே உன்னை முடித்துக்கொண்டால் என்ன?' என்று கேட்கிறது. நான் கூப்பிடவில்லை. அதுவாக வருகிறது.

மேடைக்காரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எதிர்ப்பேச்சு வந்தால் பதில் சொல்ல வேண்டும். இருப்பதற்கான காரணங்களை மத்தியானமே குறிப்பெடுத்துக்கொண்டு ராத்திரி அதோடு மோதுகிறேன். மகள் என்றால், அவளுக்கு அவள் குடும்பம் இருக்கிறது என்கிறது. பள்ளிக்கூடம் என்றால், வேறு டீச்சர் வருவார் என்கிறது. அதற்கு என்னை நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் குரலை இறக்கினால் அடி விழும் என்பதெல்லாம் அத்துப்படி. என்னிடம் படித்ததுதானே!

மேடையில் ஆளுக்குப் பத்து நிமிஷம். அதற்குமேல் போனால் நடுவர் மணியை அடித்து உட்கார வைத்துவிடுவார். இங்கே மணி அடிக்க ஆள் இல்லை.

மார்ச் 11

விடைத்தாள் ஒரு கட்டு முடிந்தது. மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பம் ஊற்றினேன். ராத்திரி நான் நன்றாகப் பேசினேன். ஆனாலும் அதுதான் ஜெயித்தது போலிருந்தது. பயமாக இருந்தது.

மார்ச் 14

திருநெல்வேலிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்தேன். நானாகப் போனேன், யாரும் சொல்லிப் போகவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். டோக்கன் கொடுத்த நர்ஸ் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகி, "பொங்கலுக்கு டிவில சிரிக்க வச்ச அம்மால்லா நீங்க! இங்க யாரப் பாக்க வந்தீய?" என்றாள். சொந்தக்காரர் ஒருவர் என்றேன். பொய்யில்லை.

டாக்டர் ஷாஹிதா என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தூக்கம் வரவில்லை, மாத்திரை கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"உங்கள நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு நெனப்பு வருதாம்மா?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டால் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள் போல. எனக்கோ யாரோ சுமையில் பாதியை வாங்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எல்லாம் சொன்னேன், குறிப்பெடுத்து மோதுவது உட்பட.

"அதுகூடப் போய் விவாதம் பண்றீங்களா?" என்றார். "நெனப்பு வர்றது வேற, ஆசை வேற. நெனப்பு வந்துட்டதால நீங்க மோசமானவங்க இல்ல. ஆனா நீங்க பதில் சொல்லச் சொல்லத்தான் அது உக்காந்து பேசுது. சரி, உங்க பட்டிமன்றத்துக்கு எதிரணி வரவே இல்லைன்னா என்ன ஆகும்?"

"நடுவர் ரெண்டு வார்த்தை பேசிட்டு அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துருவாரு. கூட்டம் கலைஞ்சிரும்."

"அவ்ளோதான். வந்துட்டியா, சரின்னு சொல்லிட்டு நீங்க உங்க வேலையப் பாருங்க."

"அது ஜெயிச்சதா நெனச்சுக்கிடாதா?"

"நெனச்சுக்கட்டும்."

மாத்திரை எழுதினார். கூடவே இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, நம்புகிற ஒருவரிடமாவது இதைச் சொல்ல வேண்டும். இரண்டு, வீட்டில் என் கைக்கு எட்டக்கூடாத சில சாமான்களை அவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். அவை என்ன என்று இங்கே எழுதமாட்டேன். தாங்க முடியாத ராத்திரியில் கூப்பிட 104 என்ற நம்பரைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போடாமலே தெரிகிற அளவுக்கு.

அறையைவிட்டு வரும்போது, "உங்க குறட்டை ஜோக் எங்க அம்மாவுக்கு உயிரும்மா" என்றார்.

மார்ச் 15

ஆளை யோசித்தேன். கோமதியிடம் சொன்னால் குழாயடிக்குப் போய்விடும். திருவேங்கடம் ஐயாவிடம் சொன்னால் இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டுவார். அகிலாவிடம் சொன்னால் அழுவாள். நாளை பார்க்கலாம்.

மார்ச் 16

அகிலா போன் செய்தாள். நன்றாகத் தூங்குகிறாயா என்றாள். கட்டை மாதிரி தூங்குகிறேன் என்றேன்.

மார்ச் 18

பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். அரைமணி நேரம் தாங்கியது. பிறகு அது ஒன்று சொல்ல, வாய் தானாகத் திறந்துவிட்டது. முப்பது வருஷமாக வகுப்பில் பிள்ளைகளைப் பேசாதே பேசாதே என்கிறேனே, அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. வீட்டுக்காரருக்கு மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. அப்போதும் இதே வீட்டில், இதே கட்டிலில் ஒற்றையில்தான் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். அங்கே கேட்டில் ஒரு மனுஷன் விழித்திருக்கிறான் என்ற தைரியம். அதைத் தைரியம் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

மார்ச் 20

நேற்று விளாத்திகுளம் பக்கம் நிகழ்ச்சி. நல்ல கூட்டம். முடிந்து வேனில் ஏறியபோது எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள். இவ்வளவு பேர் கூட இருக்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னேன். ஆனால் எனக்குத் தெரிந்த மாதிரிதானே சொல்ல வரும்?

"ஐயா, எங்க வீட்டுல தெனம் ராத்திரி ஒரு பட்டிமன்றம் நடக்கு. தலைப்பு, இந்தச் செண்பகவல்லி இருக்கணுமா, போகணுமா?"

திருவேங்கடம் ஐயா முன்சீட்டிலிருந்து திரும்பினார். "ஆகா! யாரும்மா பேச்சாளரு?"

"இருக்கணும்ங்கற அணியில நான். போகணும்ங்கற அணியில ஒரே ஆளு. ஆனா மைக்கு அவன் கையில. மணி அடிக்க ஆளு கெடையாது. தீர்ப்புச் சொல்லுததுக்குள்ள பால்காரன் வந்திருதான்."

வேன் குலுங்கியது. டிரைவர் இசக்கி சிரித்ததில் வண்டியின் வேகம் குறைந்தது. ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "'பால்காரன் வந்திருதான்', பிரமாதம்மா! அதக் கடைசியில வைங்க, நடுவுல வீணடிச்சிராதீங்க" என்றார். நானும் சிரித்தேன். இருக்கிறதிலேயே பெரிய உண்மையைச் சொல்லி, இருக்கிறதிலேயே பெரிய கைதட்டு வாங்கியாகிவிட்டது. இனிமேல் யாரிடம் சொல்ல?

எட்டயபுரம் தாண்டி டீக்கடையில் நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அருமைநாயகம் அண்ணாச்சி இரண்டு கிளாஸ் டீயோடு என் ஜன்னலுக்கு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு நின்றார்.

"டீச்சர், இப்பம் சொன்னது மேடைக்கா, நெசமா?"

"ஏன் அண்ணாச்சி?"

"பன்னெண்டு வருசமா உங்க பேச்சுல ஓட்டை தேடுதவன் நான். நீங்க கதை கட்டும்போது ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுவீய. இன்னைக்கு ரெண்டு கையும் மடியிலயே கெடந்துச்சு."

மறுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நெசந்தான் அண்ணாச்சி."

எதிர்ப்பேச்சு வரும், புத்திமதி வரும், பைபிள் வசனம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. டீயில் ஆடை படிந்தது. கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்கு ராத்திரியும் வருமோ?"

"வரும்."

"அப்பம் இன்னைக்கு ஒத்தையில படுக்க வேண்டாம். நம்ம வீட்டுல எறங்குங்க. ஜெயசீலி தோசை ஊத்துவா."

அவர் வீட்டில் படுத்தேன். நான் வந்த காரணத்தை அவர் அடுப்படியில் வைத்துச் சொன்னார் போல. அந்தம்மா என் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை விரித்தார், ஃபேனை என் பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். ஊரையே சிரிக்க வைத்த அந்த ஓயாத வாய் எங்கே என்று பார்த்தேன். ராத்திரி முழுக்க அவர் பேசியது, "தண்ணி இங்க இருக்கு டீச்சர்" என்ற ஒரே வாக்கியம். பன்னிரண்டு வருஷமாக இந்த மனிதர் மேடையில் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்?

காலையில் இரண்டு பேருமாக என் வீட்டுக்கு வந்தார்கள். டாக்டர் சொன்ன சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி உள்ளே பார்க்கவில்லை. ஜெயசீலி வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 21

அகிலாவிடம் சொன்னேன். எதிர்பார்த்தபடி அழுதாள். எதிர்பாராதபடி நானும் அழுதேன். நாளைக்கு பஸ் ஏறுகிறாள்.

மார்ச் 26

அகிலா வந்து நாலு நாள். நான் குளியலறைக்குள் போனால் வெளியே நின்று, "அம்மா, சோப்பு இருக்கா?" என்கிறாள். இருக்கிறது என்றால் கொஞ்ச நேரம் கழித்து, "ஷாம்பு இருக்கா?" என்கிறாள். போலீஸ் காவல்கூட இப்படி இருக்காது. மனசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை. சொன்னேன். இப்போதுதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 31

அகிலா நேற்றுக் கிளம்பினாள். ராத்திரிகளுக்கு என்ன ஏற்பாடு என்று அண்ணாச்சியைக் கேட்டிருக்கிறாள்.

"நைட் டூட்டியில நான் முழிச்சுத்தான் இருப்பேன். ஆனா நான் ராத்திரி உங்களுக்குப் போன் போட்டா, நாளைக்கே ஊரு ஒரு தலைப்பு வச்சிரும்" என்றார் என்னிடம். "ஜெயசீலி போடுவா."

போட்டார். "டீச்சர், படுத்தாச்சா?" என்றார். படுத்தாச்சு என்றேன். அப்புறம் பேச்சே இல்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தால், பட்டாணி உரிக்கிற சத்தம். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். விளக்கை அணைத்தேன்.

அது வந்தது. வந்துட்டியா, சரி என்றேன். போகணும்ங்கற அணி தன் பேச்சைத் தொடங்கியது. நான் பட்டாணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பேசிவிட்டு அதுவாக நிறுத்திக்கொண்டது.

ஏப்ரல் 3

மோசமான ராத்திரி. ஜெயசீலி வீட்டில் யாருக்கோ காய்ச்சல், போன் எடுக்கவில்லை. மறுபடி வாதாட ஆரம்பித்து, தோற்று, பயந்து, விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்து 104க்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். பேர் சொல்லவில்லை, ஜோக் சொல்லவில்லை, கையையும் ஆட்டவில்லை. நெஞ்சு லேசாகும் வரை அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் குரலை மறக்கமாட்டேன்.

காலையில் ஜெயசீலி சைக்கிளில் வந்து நின்றார். அழுதிருந்தார். எனக்காக ஒருவர் அழுதுகொண்டே சைக்கிள் மிதித்து வருவார் என்று நான் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை. அதுவும் நன்மைக்கு. எழுதியிருந்தால் அந்த எதிரணிப் பயல் அதற்கும் ஒரு பதில் தயார் செய்திருப்பான்.

ஏப்ரல் 5

டாக்டரிடம் போனேன். மாத்திரையை மாற்றினார். ஒரு மோசமான ராத்திரி வந்ததால் படித்ததெல்லாம் போய்விடாது என்றார். வெளியே அதே நர்ஸ், "உங்க சொந்தக்காரருக்கு இப்பம் எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்றேன். "அது நாந்தான்."

அவள் டோக்கனை வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவ நேரா உள்ள வந்துருங்க, வெளிய நிக்காதீய" என்றாள்.

ஏப்ரல் 9

காலையில் கதவைத் தட்டுகிற சத்தத்தில் எழுந்தேன். வெயில் கட்டில்வரை வந்திருந்தது. கதவைத் திறந்தால் கோமதி, பின்னால் தெருவில் பாதி, எல்லார் இடுப்பிலும் காலிக்குடம்.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீய! ராத்திரி தண்ணி வந்து போயிருச்சாம். அடுத்த தெருவுல அம்புட்டுப் பேரும் பிடிச்சிருக்காக. உங்கள நம்பித்தான படுத்தோம்! அப்படி என்ன தூக்கம்?"

வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னும் பத்து நாளைக்குத் தண்ணீர் கிடையாது, எனக்கும்தான். சிரிப்பு வந்துவிடக்கூடாதே என்று கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ராத்திரி பதவிய வேற யாருக்காவது குடுத்துரு கோமதி. நான் ராஜினாமா பண்ணிட்டேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெயசீலி போன் செய்தார். அவராகப் பேசத் தொடங்கியது இதுதான் முதல் தடவை.

"டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிட மாட்டீயள்லா?"

"சொல்லுங்க."

"ராத்திரி நீங்க பயங்கரமாக் குறட்டை விட்டீய. எனக்கு முதல்ல பக்குன்னு ஆயிருச்சு, என்னமோ ஏதோன்னு. அப்புறந்தான் குறட்டைன்னு தெரிஞ்சது. போன வைக்க மனசில்ல, கேட்டுக்கிட்டே கெடந்தேன். அவுக டூட்டி முடிஞ்சு வந்து, இது என்ன நம்ம வீட்டுக்குள்ள ரயிலுன்னு கேக்காக."

போனை வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். சாட்சி கிடைத்துவிட்டது. அதுவும் எதிரணியிலிருந்து, நம்பகமான, வீண்வார்த்தை பேசாத சாட்சி. வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் நின்றேன்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னதே இல்லை.